மூன்று விளையாட்டு ஆடியவர் ரக்பி பயிற்சியாளரானது: சேர்வராயன் மலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் சுமார் 15 ஆண்டுகளில் நடந்த ஒரு விளையாட்டு வாழ்க்கையின் பதிவு இது. தடகளம், ஹேண்ட்பால், கபடி மூன்றையும் ஆடிய ஒரு பெண், முழங்கால் போனபின் ரக்பிக்கு வந்து, இப்போது மலைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் பிறந்த கிராமம், பள்ளி, கல்லூரி, போட்டி எதன் பெயரும் இல்லை. சில சிறு விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.

பல விளையாட்டு ஆடியவர்களுக்கு ரக்பி சுலபமாக வந்துவிடும் என்று பயிற்சியாளர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. அது பாதி சரி. கால் வேகம், துணிச்சல், இடம் பார்க்கும் கண் இவையெல்லாம் வந்துவிடும். கூடவே பழைய ஆட்டத்தின் கைப்பழக்கமும் வந்துவிடும். அந்தப் பழக்கம் ரக்பியில் சில நேரம் பெனால்டியாகும், அதாவது விதிமீறலுக்காகப் பந்து எதிரணிக்குப் போகும், சில நேரம் தலைக்காயமாகும். இந்த நிகழ்வில் இரண்டுமே நடந்தன.

பின்னணி

பயிற்சியாளர் ஏற்காட்டுக்குக் கீழே ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். ஆறாம் வகுப்பிலிருந்து சேலத்தில் ஹாஸ்டல். முதலில் 400 மீட்டர், பிறகு 400 மீட்டர் தடை ஓட்டம். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி ஹேண்ட்பால் அணிக்கு ஓர் ஆள் குறைந்தது, பி.டி. சார் இவரை நிறுத்தினார். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. அந்த இடத்துக்கு எழுதப்படாத ஒரு நிபந்தனை உண்டு: எந்த அணிக்கு ஆள் வேண்டுமோ அந்த அணியில் ஆட வேண்டும். அப்படித்தான் கபடி வந்தது. அதில் இவர் ரைடர். பாடிப் போய்த் தொட்டுத் திரும்புகிற வேகத்தில் மண்டல அளவில் பேர் வாங்கினார்.

ஒரே வாரத்தில் தடகளப் போட்டியும் கபடிப் போட்டியும் வரும். மூன்று விளையாட்டுக்கும் மூன்று பொறுப்பாளர்கள். இந்தப் பெண்ணின் கால் மொத்தமாக எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கு வைத்தவர் ஒருவரும் இல்லை. பல விளையாட்டு ஆடுவது வளர்கிற பிள்ளைக்கு நல்லது என்பதில் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் மூன்றையும் ஒரே பருவத்தில் போட்டி அளவில் ஆட வைப்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவர்கள் அதிகம்.

கல்லூரி மூன்றாம் ஆண்டில், 2015-ல், வலது முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் அறுந்தது. யாரும் பிடிக்கவில்லை. பாடிப் போனவர் நடுக்கோட்டுக்குத் திரும்பும்போது கால் அப்படியே நின்றது, உடம்பு மட்டும் சுழன்றது. அதுவரை மண் தரையில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர். மண்ணில் பாதம் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். அந்த வருடம் மேட் வந்தது, ரப்பர் அடி ஷூ வந்தது. பாதம் ஒட்டிக்கொள்ள, திருகல் முழுக்க முழங்காலுக்குப் போனது.

அறுவை சிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. கெட்டது அதற்குப் பிறகு. நான்காவது மாதம் வீக்கம் வற்றியதும் உடற்பயிற்சியை விட்டுவிட்டார், ஆறாவது மாதம் கபடிக்கு இறங்கினார். இந்தக் காயத்துக்குக் குறைந்தது 9 மாதம் வேண்டும். மாதக் கணக்கு மட்டும் போதாது. காயப்பட்ட காலின் தொடை வலு மற்றக் காலில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும், ஒற்றைக்காலில் குதிக்கும் தூரமும் அதே அளவுக்கு நெருங்க வேண்டும். இவருக்குத் தொடை சூம்பியிருந்ததைப் புடவை கட்டும்போது அம்மாதான் முதலில் கவனித்தார். இறங்கிய இரண்டாவது வாரம் முழங்கால் மடங்கி, உள்ளே இருக்கும் சவ்வும் கிழிந்தது. கபடி அதோடு முடிந்தது.

ரக்பிக்கு வந்ததும், ஆடுவதை விட்டதும்

ஒன்றரை வருடம் கழித்து ஒரு பயிற்சி முகாமில் டச் ரக்பி ஆடிப் பார்த்தார். மோதல் கிடையாது, தொட்டால் போதும். ஓடத் தெரிந்தவருக்கு உடனே பிடித்துப்போகிற ஆட்டம். பிறகு செவன்ஸ் அணியில் விங் இடத்தில், அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஓடுகிற இடத்தில், இரண்டு பருவம் ஆடினார். செவன்ஸ் என்றால் பக்கத்துக்கு 7 பேர், பாதிக்கு 7 நிமிடம். மைதானம் மட்டும் 15 பேர் ஆடுகிற அதே முழு மைதானம், 100 மீட்டர் வரை நீளம், 70 மீட்டர் வரை அகலம். 400 மீட்டர் ஓடியவருக்கு அந்த வெற்றிடம் ஒரு வரம். ஆனால் ஒரே நாளில் மூன்று ஆட்டம் ஆடினால் முழங்கால் வீங்கியது, மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. அதனால் ஆடுவதை நிறுத்தினார்.

அப்போது அவர் முன் இரண்டு வழி இருந்தன: கபடிப் பயிற்சியாளர், ரக்பி பயிற்சியாளர். ரக்பியை எடுத்ததற்குப் பாசம் காரணம் இல்லை. சேலம் மாவட்டத்தில் கபடி சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். ஓமலூர், ஆத்தூர், மேச்சேரி எந்தப் பக்கம் போனாலும் ஓர் அணி இருக்கும். ரக்பிக்கு ஆள் இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கிலிருந்து செவன்ஸ் ஒலிம்பிக் விளையாட்டு, தேசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இருக்கிறது. கூட்டம் இல்லாத இடத்தில் நிற்கலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் பலித்தது. ஆள் இல்லாத இடத்தில் சம்பளமும் இருக்காது என்பது பின்னால்தான் தெரிந்தது.

படிப்பு விஷயத்தில் அவர் செய்தது சரியான வரிசை. உலக ரக்பி அமைப்பு இணையத்தில் கட்டணமில்லாமல் தரும் ‘ரக்பி ரெடி’, முதலுதவி, மூளை அதிர்ச்சி பற்றிய பாடங்களை முதலில் முடித்தார். பிறகு நேரில் நடக்கும் முதல் நிலைப் பயிற்சி. பாடங்களை ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு பக்கத்தையும் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு படித்தார். அந்த நோட்டுதான் பின்னால் மலையில் பாடப்புத்தகம் ஆனது.

முதல் அணி: கபடிக்காரர்களோடு

2019-ல் சேலத்தில் கல்லூரி மாணவிகள் 16 பேரை வைத்துத் தொடங்கினார். பத்துப் பேர் கபடி, நான்கு பேர் ஹேண்ட்பால், இருவர் ஓட்டக்காரர்கள். இதைவிட நல்ல அணி அமையாது என்று நினைக்கத் தோன்றும். முதல் போட்டியில் எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். எதிரணி ஒன்றும் பெரிய வேகமில்லை. எதிரணியின் கையில் பந்தைக் கொடுத்தது நடுவரின் விசில். அன்று ஒளிப்பதிவைப் பார்த்து எழுதிய பெனால்டிக் குறிப்பில் பெரும்பகுதி இரண்டே வகை: ஆளை விடவில்லை, பந்தை விடவில்லை.

கபடியில் பிடித்தவர் விசில் வரும்வரை விடக் கூடாது, விட்டால் புள்ளி போச்சு. ரக்பியில் ஆளைத் தரையில் சாய்த்த கணமே டேக்கிள் செய்தவர் கையை எடுத்து விலக வேண்டும். சாய்ந்தவர் பந்தை வைத்துவிட வேண்டும். பத்து வருடம் ‘விடாதே’ என்று கத்திப் பழக்கிய கைகள் இவை. ‘விடு’ என்று ஒரு மாதம் சொன்னால் பயிற்சியில் விடும், ஆட்டத்தில் விடாது.

பந்தோடு விழுகிறவருக்கும் இதே சிக்கல்தான். கபடியில் ரைடர் விழுந்தபின்னும் நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்து போவார், அதுதான் திறமை. ரக்பியில் டேக்கிள் ஆனபின் ஊர்ந்தால் பெனால்டி. இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. கோட்டுக்குக் கை எட்டும் தூரத்தில் விழுந்தால், உடனே கையை நீட்டி ட்ரை வைக்க, அதாவது கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுக்க, விதி இடம் கொடுக்கிறது. கபடிக்காரர் அளவுக்கு இதை இயல்பாகச் செய்கிறவர்கள் வேறு யாருமில்லை. ஊர்வதை வெட்டிவிட்டு நீட்டுவதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியிருந்தது.

கபடியின் டேஷ், அதாவது கை கட்டாமல் தோளால் இடித்து வெளியே தள்ளுவது, ரக்பியில் தவறு. இரண்டு கையாலும் சுற்றிப் பிடிக்க முயல வேண்டும். கபடியில்போலச் செயின் போடக் கைகோத்து நின்றால் இருவருக்கும் ஒரு கைதான் மிஞ்சும், எதிரணிக்காரர் நடுவே புகுந்து போவார். தொடையைப் பிடித்துத் தூக்கிச் சாய்ப்பது இன்னும் மோசம். தூக்கிய ஆளைத் தலை அல்லது தோள் முதலில் படும்படி போட்டால் சிவப்பு அட்டை வரை போகும்.

ஹேண்ட்பால்காரர்களின் சிக்கல் வேறு. அந்த ஆட்டத்தில் பந்தோடு மூன்று எட்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் மூன்றாவது எட்டில் கால் தானாக நின்றுவிடும், பந்தைத் தலைக்கு மேல் கொண்டுபோய் முன்னால் எறியப் பார்ப்பார்கள். ரக்பியில் கையால் முன்னால் எறிய முடியாது. ஆனால் ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஓட்டக்காரர்கள் நேராக ஓடினார்கள், நேராகப் பிடிபட்டார்கள். நிமிர்ந்த நடை ஓட்டத்துக்கு அழகு. இடிபடும்போது அதே நிமிர்வு எதிரிக்கு விலாவைத் திறந்து கொடுக்கிறது.

குனிந்து ஆளின் கணுக்காலைப் பிடிக்கும் கபடிப் பிடியைப் பற்றி அந்தப் பெனால்டிக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. அது பெனால்டி இல்லையே, எழுதத் தோன்றவில்லை. ஐந்து வருடம் கழித்து அதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது.

2020-ல் கொரோனா வந்ததும் அணி கலைந்தது. மாணவிகள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள்.

மலைக்குப் போனது

2021 இறுதியில் பள்ளிகள் திறந்தபின், சொந்த மலையில் ஒரு பள்ளியில் தற்காலிக உடற்கல்வி ஆசிரியர் வேலை கிடைத்தது. மாதம் 12,000 ரூபாய். அங்கே 12, 13 வயதுப் பிள்ளைகள் 24 பேரோடு, ஆணும் பெண்ணுமாக, ரக்பியைத் தொடங்கினார். பெரியவர்களை விட்டுச் சிறியவர்களை எடுத்த முடிவுக்குச் சேலத்து அனுபவமே காரணம். பழைய பழக்கத்தை அழித்து எழுதுவதைவிட வெறும் பலகையில் எழுதுவது எளிது.

சேர்வராயன் மலையில் ரக்பிக்கு முதல் தடை மட்டமான தரை. பள்ளி மைதானம் ஒரு பக்கம் சரிவு, பாதி சரளைக்கல். நல்ல புல் இருந்தது சுமார் 40 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டில்தான். மோதல் பயிற்சி அந்தத் துண்டில் மட்டும், ஓட்டமும் பாஸும் மீதி இடத்தில் என்று பிரித்தார். தினமும் தொடங்குமுன் எல்லோரும் வரிசையாக நின்று நடந்து கல் பொறுக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் சரிவிலிருந்து புதுக் கல் இறங்கி வந்திருக்கும், அதனால் இந்த வேலை ஒருநாளும் முடிவதில்லை. காபித் தோட்டத்துச் சிமெண்ட் களம் மட்டமாக இருக்கிறது, அதைக் கேட்கலாம் என்று ஒரு பெற்றோர் யோசனை சொன்னார். பாஸ் பழக மட்டும் அதை ஏற்றுக்கொண்டார்.

பந்து ஐந்து வாங்கினார்கள். இந்த வயதுக்கு 4-ஆம் அளவு. பெரியவர்களின் 5-ஆம் அளவுப் பந்து மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், பிள்ளைகளின் விரல் பந்தைச் சுற்றாது. மார்பில் அணைத்துப் பிடிக்கப் பழகிவிடுவார்கள், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. டேக் பெல்ட்டுக்குக் காசில்லை. ஏற்காடு டவுனில் ஒரு தையல்காரரிடம் நாடாவும் ஒட்டுப்பட்டையும் கொடுத்துத் தைத்து வாங்கினார். இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு துணிப்பட்டை, பிடுங்கினால் டேக்கிள் ஆனதாகக் கணக்கு. பட்டையை முடிச்சுப் போட்டுக்கொண்டு வருகிற சாமர்த்தியசாலிகள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

காலை ஆறரை மணிக்குப் பனிமூட்டத்தில் பத்து மீட்டருக்கு அப்பால் ஆள் தெரியாத நாட்கள் உண்டு. அன்றைக்கு நீளமான பாஸும் உதையும் கிடையாது. 5 மீட்டர் சதுரத்துக்குள் நால்வர், கிட்டப் பாஸ், குரல் கொடுத்துக்கொண்டே. பெயரைச் சொல்லிக் கேட்காமல் பந்து வராது என்பது விதி. பேசாமலே ஆடுகிற பிள்ளைகளைப் பேச வைத்ததில் பனிக்கு ஒரு பங்கு உண்டு.

நவம்பர் முதல் ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். வருகை பாதியாகும். முதல் வருடம் வராதவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கலாமா என்று யோசித்தார், எடுக்கவில்லை. பறிப்புக்குப் போகும் பிள்ளையின் கூலி அந்த வீட்டுக்கு வேண்டும். அந்த மூன்று மாதமும் புதிதாக எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை, வந்தவர்களோடு டேக் ஆட்டம் மட்டும் என்று வைத்தார். பிப்ரவரியில் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து தொடங்க முடிந்தது.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு மூச்சு அதிகம் என்று கீழே போட்டிகளில் சொல்வார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. இந்த உயரத்தில் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம். பிள்ளைகள் மேடும் பள்ளமுமாகத் தினமும் பள்ளிக்கு நடக்கிறார்கள், கால் வலு அங்கிருந்து வருகிறது. ஆனால் சேலத்து வெயிலில் ஆடினால் மற்றவர்களுக்கு முன்னால் சுருண்டு விழுவது இவர்கள்தான். போட்டிக்கு முந்தைய வாரம் இரண்டு நாளாவது மதியம் அடிவாரத்தில் வந்து ஆட வைப்பது இதற்காக.

டேக்கிள் பாடம்

முதல் எட்டு மாதம் டேக் ஆட்டம் மட்டும், மோதல் இல்லை. அதன் பின்னும் நேராக நின்று மோத விடவில்லை. வரிசை இப்படி:

முதலில் இருவரும் முழங்காலிட்டுப் புல்லில். பந்து வைத்திருப்பவர் பக்கவாட்டில் திரும்பி இருப்பார். டேக்கிள் செய்பவர் கண்ணை நிமிர்த்தி, கன்னத்தை அவர் இடுப்பின் பின்பக்கம் ஒட்டி, தோளை முன்னால் கொடுத்து, இரு கையாலும் சுற்றிச் சாய்க்க வேண்டும். சாய்ந்ததும் மேலே இருப்பது டேக்கிள் செய்தவராக இருக்க வேண்டும், தலை அடியில் சிக்கக் கூடாது. விழுகிறவருக்கும் அன்றே பாடம் உண்டு: பந்தை மார்போடு அணைத்து, தாடையை இறக்கி, தொடை, இடுப்பு, தோள் என்ற வரிசையில் தரையைத் தொட வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டோ காறை எலும்போ போகும். இரு பக்கத் தோளுக்கும் சம எண்ணிக்கை. எல்லோருக்கும் வலது தோள் பிடிக்கும், இடது தோளில் பழகாதவர் ஆட்டத்தில் தலையைத் தப்பான பக்கம் வைப்பார்.

அது பழகியதும் டேக்கிள் செய்பவர் ஒரு காலை ஊன்றி எழுவார், எதிராளி நடந்து வருவார். பிறகு இருவரும் நடை. பிறகு 5 மீட்டர் அகலச் சந்தில் மெல்லோட்டம். முழு வேகத்துக்கு வர மூன்று மாதம் ஆனது. ஒருவருக்குத் தலை தப்பான பக்கம் போனால் அவர் மட்டும் ஒரு படி கீழே இறங்குவார், அணி நிற்காது. டேக்கிள் முடிந்ததும் ‘விடு’ என்று டேக்கிள் செய்தவரே சத்தமாகச் சொல்ல வேண்டும். சேலத்தில் பயிற்சியாளர் கத்திய சொல்லை இங்கே பிள்ளைகளின் வாயில் வைத்தார். வித்தியாசம் முதல் போட்டியிலேயே தெரிந்தது, ஆளை விடாத பெனால்டி ஓர் ஆட்டத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் வரவில்லை.

தொழில்முறை அணிகளுக்கே முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடம் போதும் என்று உலக ரக்பி அமைப்பு 2021-ல் பரிந்துரைத்தது. இவர் 10 நிமிடத்தைத் தாண்டவில்லை.

இவ்வளவு ஒழுங்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. 2023-ல் கீழேயிருந்து வந்து சேர்ந்த மூன்று மாணவிகள் ஏற்கெனவே கபடி ஆடியவர்கள், வயது 15. நன்றாக ஆடினார்கள். அவர்களை முழங்காலிடும் படியிலிருந்து தொடங்க வைக்காமல் நேராக மெல்லோட்டப் படியில் சேர்த்தார். பார்வைக்கு அவர்களின் டேக்கிள்தான் அணியிலேயே சுத்தமாக இருந்தது.

போட்டி நாள்

2024-ல் சமவெளியில் ஒரு 18 வயதுக்குட்பட்டோர் பெண்கள் செவன்ஸ் போட்டி. அணியில் 12 பேர். காலையில் இரண்டு ஆட்டம், இரண்டும் வெற்றி. மூன்றாவது ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு, வெயிலில். இரண்டாம் பாதியில் எதிரணி விங் ஓரத்தில் தப்பி ஓட, கபடியிலிருந்து வந்த மாணவிகளில் ஒருவர் துரத்திப் போனார். களைத்த உடம்புக்குப் பழைய பழக்கம்தான் கைகொடுக்கும். தோளைக் கொடுப்பதற்குப் பதில் குனிந்து கணுக்கால் பிடிக்குப் பாய்ந்தார், தலை காலுக்கு முன்னால் போனது. ஓடுகிறவரின் முழங்கால் நெற்றிப்பொட்டில் பட்டது.

கபடியில் கணுக்கால் பிடி ஓரளவு காப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ரைடர் பெரும்பாலும் ஓரிடத்தில் அசைந்துகொண்டிருப்பார், ஒரு காலை நீட்டும்போது பிடிப்பார்கள். ரக்பியில் அதே கால் முழு ஓட்டத்தில் வருகிறது.

மாணவி மயங்கவில்லை, தானே எழுந்தார். இரண்டடி வைத்தபோது கால் பின்னியது. பயிற்சியாளர் உள்ளே போய்க் கேட்டது மூன்றே கேள்வி: இது எந்தப் பாதி, கடைசியாக ட்ரை போட்டது யார், இதற்கு முன் யாரோடு ஆடினோம். முதல் கேள்விக்குப் பதில் தப்பு, மூன்றாவதற்குப் பதிலே இல்லை. மாணவியை வெளியே எடுத்தார், அன்றைக்குத் திரும்ப இறக்குவதில்லை என்று அந்த இடத்திலேயே நடுவரிடம் சொன்னார். தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் உட்கார வைத்து இறக்கலாம் என்று கூட வந்தவர்கள் வற்புறுத்தினார்கள். மயக்கம் வந்தால்தான் தலைக்காயம் என்ற நினைப்பு நம் மைதானங்களில் இன்னும் போகவில்லை. மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. சந்தேகம் வந்தால் எடுத்துவிட வேண்டும், மைதானத்திலேயே சோதித்துப் பார்த்துத் திரும்ப இறக்கும் வேலை பள்ளி அளவில் கிடையாது. ஆட்டம் 12-க்கு 17 என்று கைவிட்டுப் போனது, அரையிறுதி இல்லை.

சேலம் அரசு மருத்துவமனையில் பார்த்தார்கள். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. கவனிப்புத் தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைவலி ஏறினாலோ, வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ, தூங்கினவரை எழுப்பச் சிரமமானாலோ உடனே திரும்ப வர வேண்டும்.

மாணவியின் குடும்பம் அதற்குள் மலையில் குடியேறியிருந்தது. இங்கே பயிற்சியாளர் எடுத்த முடிவுதான் இந்த நிகழ்வில் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

“அவ நல்லாத்தானுங்க மேடம் பேசறா. வண்டி நிக்குது, மலைக்கே கூட்டிட்டுப் போயிடறமுங்க” என்றார் அம்மா.

“வேண்டாங்க அக்கா. இன்னிக்கு ராத்திரி கீழயே இருக்கட்டும். வளைவுல ஏறினா நல்லா இருக்கறவங்களே வாந்தி எடுக்கறாங்க. இவ எடுத்தா அது எதனாலன்னு நமக்கு எப்படிங்க தெரியும்?”

ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வாந்தி என்பது முதன்மையான ஆபத்து அடையாளம். வளைவில் அது வந்தால் பயத்தில் வண்டியைத் திருப்ப நேரும், அல்லது வழக்கமானதுதான் என்று விட்டுவிட நேரும். இரண்டாவதுதான் அபாயம். நடு இரவில் மேலே நிலைமை மோசமானால் திரும்ப இறங்க அதே ஒரு மணி நேரம் ஆகும். சேலம் அஸ்தம்பட்டியில் மாணவியின் சித்தி வீட்டில் தங்கினார்கள். இரவில் எழுப்பிப் பார்த்தார்கள், வேறொன்றும் ஆகவில்லை. மறுநாள் மதியம் மலை ஏறினார்கள்.

அதன் பின்

முதல் இரண்டு நாள் ஓய்வு, கைபேசி கிடையாது. பிறகு படிப்படியாக நடை, மெல்லோட்டம், பந்தோடு ஓட்டம், மோதலில்லாத பயிற்சி. ஒரு படியில் தலைவலி திரும்பினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். ஒரு முறை இறங்க வேண்டியும் வந்தது. கணக்குத் தேர்வுக்கு இரண்டு மணி நேரம் படித்த அன்று வலி வந்தது. 21 நாளுக்குள் எந்தப் போட்டியும் இல்லை, மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் மோதல் பயிற்சியும் இல்லை. ஐந்தாவது வாரம் முழங்காலிடும் படியிலிருந்து டேக்கிளைத் தொடங்கினார்கள். கூடவே மற்ற இரண்டு கபடி மாணவிகளும்.

அணியில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். மூவரின் பெற்றோர் காயத்துக்குப் பயந்தார்கள். ஒருவர் வீட்டில் சொன்ன காரணம், தோற்கிற மாதிரி ஆளை வெளியே எடுக்கிற மேடம் எதற்கு என்பது. அடிபட்ட மாணவியின் அம்மா மட்டும் மகளை நிறுத்தவில்லை. அடுத்த பருவம் மற்ற பெற்றோரை அழைத்து வந்து உட்கார வைத்தவரும் அவர்தான்.

பயிற்சியாளரின் தொழில் நிலை வேறு திசையில் போனது. அந்த முடிவைக் கேள்விப்பட்ட ஒரு தேர்வுக்குழு அவரை 18 வயதுக்குட்பட்டோர் அணிக்கு உதவிப் பயிற்சியாளராக அழைத்தது. பேர் கிடைத்தது, பணம் பயணப்படியோடு சரி. 2025-ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கைச் சென்னை புல்ஸ் வென்றதும் ஊரில் ரக்பி பற்றி விசாரிப்பு கூடியது. விசாரிப்பவர்களில் பாதிப் பேர் கேட்பது விளையாட்டு ஒதுக்கீட்டைத்தான். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ஆனால் எந்தச் சான்றிதழும் செல்லும் என்றில்லை. போட்டியை நடத்தியது அங்கீகாரம் பெற்ற சங்கமா, எந்த நிலைப் போட்டி, எத்தனையாவது இடம் என்று பார்ப்பார்கள். போட்டிக்குப் போகுமுன் இதைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். அதைக் கேட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறவர்களும் உண்டு.

மாற்ற வேண்டியவை

வேறு விளையாட்டிலிருந்து வருகிறவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஓய்வாக இருக்கும்போது சுத்தமாகத் தெரிகிற டேக்கிளை நம்பக் கூடாது. 300 மீட்டர் ஓட வைத்து மூச்சு வாங்கும்போது, நடை வேகத்தில், இரு தோளிலும் ஐந்து ஐந்து முறை சாய்க்கச் சொல்லித் தலை எந்தப் பக்கம் போகிறது என்று எண்ணிக் குறிக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அவர் போட்டிக்குத் தயாரில்லை. இப்போது அணியில் இதுதான் நடைமுறை. 2019-ல் பெனால்டியை மட்டும் எண்ணிய குறிப்புத்தாளில் இப்போது தலையின் பக்கத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

12 பேர் அணியில் ஆட்களைச் சுழற்றியிருக்கலாம். அந்த மாணவி மூன்று ஆட்டத்திலும் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை. வென்றுகொண்டிருக்கும்போது நல்ல ஆட்டக்காரரை வெளியே எடுக்க மனம் வராது, ஆகவே யார் எந்த ஆட்டத்தில் எந்தப் பாதி ஓய்வு என்பது முதல் நாளே எழுதி ஒட்டப்படுகிறது.

அணியோடு பெரியவர்கள் இருவர் போக வேண்டும். அன்று பயிற்சியாளர் மருத்துவமனையில் இருந்த மூன்று மணி நேரம், மற்ற 11 பேரும் பேருந்து நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியின் பொறுப்பில் இருந்தார்கள்.

ஊதியம்தான் இன்னும் தீராதது. ரக்பிக்கு அவர் செலவிடும் நேரம் பள்ளி வேலை நேரத்துக்கு வெளியே, கணக்கில் வராமல் போகிறது. தற்காலிக வேலை ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிக்கப்பட வேண்டும், ஒருமுறை ஆகஸ்ட் வரை இழுத்தது. அவர் போய்விட்டால் இந்த வரிசை தெரிந்த ஆள் மலையில் வேறு இல்லை. அதனால் மூத்த மாணவிகளில் இருவர் இப்போது முழங்காலிடும் படியையும் நடைப் படியையும் அவர் மேற்பார்வையில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தத் தமிழ் நோட்டின் நகல் இருவரிடமும் இருக்கிறது. வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்குத் தனி மதிப்பூதியம் கேட்டுப் பள்ளிக்குக் கொடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.